நானூற்றுப் பதினாறு பேர் சும்மா இருந்த கணக்கு

1943-ஆம் வருஷம் ஜூன் மாதம் 14-ஆம் தேதி, திங்கட்கிழமை. ஆபீஸ் கடிகாரத்தில் காலை எட்டு மணி. வெளியே மேய்ந்துகொண்டிருந்த கோழிகளுக்கு ஆறரை. ஜப்பான்காரன் வந்த நாளிலிருந்து மலாயாவில் எங்கள் கெடா மாநிலத்திலும் டோக்கியோ நேரம்தான். காகிதங்களில் வருஷத்தை 2603 என்று போட வேண்டும். ஆக, ஒன்றரை மணி நேரமும் அறுநூற்று அறுபது வருஷமும் எங்கள் தலையில் கூடுதலாக ஏற்றப்பட்டிருந்தன. விடிந்ததிலிருந்து தூறல். ரப்பர் பால்மரங்களிலிருந்து சொட்டிய தண்ணீர், ஒடுங்கிப்போன பழைய கோப்பைகளில் விழுகிற டிங், டிங் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பால் விழ வேண்டிய கோப்பைகள்.

எங்கள் தோட்டம் சுங்கைப் பட்டாணிக்கு வடக்கே, மெர்போக் ஆற்றுப் பக்கம். அன்று தோட்டத்தில் குழந்தை குட்டிகளோடு சேர்த்து நானூற்றுப் பதினாறு பேர். நான் சின்னக் கிராணி, அதாவது ஆபீஸின் இளைய குமாஸ்தா. வயது இருபது. பட்டணத்து ஆங்கிலப் பள்ளியில் ஏழாவது வரை படித்தவன். அக்கா வீட்டில் தங்கியிருந்தேன்.

காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்போம். அன்றைய பெரட்டுக்கு அலோர் ஸ்டாரிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். ஒல்லியானவர், கண்ணாடி போட்டவர். கையில் மடித்த குடை. மழையில் அதை அவர் விரிக்கவே இல்லை. பின்னால் துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள். வெள்ளைக்காரத் துரை சண்டை நெருங்கியதும் காரில் ஏறித் தெற்கே போய்விட்டதால், தோட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பெரிய கிராணி. அதிகாரி அரைகுறை மலாயில் கேட்டார். பெரிய கிராணி குனிந்தபடியே, சொல்லுக்கொரு 'துவான்', அதாவது 'ஐயா' போட்டுப் பதில் சொன்னார்.

பால் வெட்டுகிறவர்கள் எத்தனை பேர்? ஐம்பது, துவான். மற்றவர்கள்? வேலை இல்லை, துவான். வருமானம்? இல்லை, துவான்.

"அப்படியானால் வேலையில்லாதவர்களில் நாற்பது ஆண்கள். அடுத்த திங்கட்கிழமை. சயாமுக்கு."

சயாம் என்றால் ரயில் பாதை. பக்கத்துத் தோட்டத்திலிருந்து போனவர்களைப் பற்றி ஒரு சொல் திரும்பி வந்திருக்கவில்லை. பால் வெட்டு நிறுத்தப்பட்ட ரப்பர் காட்டுப் பட்டியலில் முதல் பேர் என் அக்கா புருஷனுடையது. பட்டியல் எழுதினால் அங்கிருந்துதான் தொடங்கும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். மூன்று பிள்ளைகள், கடைசிக்கு எட்டு மாதம்.

அதிகாரி நாலு எட்டு நடந்தார். பிறகு நின்று, ஏதோ கணக்கு உதைத்தது போலத் திரும்பினார்.

"வேலை இல்லை. வருமானம் இல்லை. ஒன்றரை வருஷம். இவர்கள் எப்படி உயிரோடு இருக்கிறார்கள்?"

பெரிய கிராணி, "ஏதோ இருக்கிறார்கள், துவான்" என்றார். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது.

"ஏதோ என்பது எவ்வளவு? இந்தத் தோட்டம் ஒரு மாதத்தில் உண்டாக்குவது எவ்வளவு, தின்பது எவ்வளவு என்று எழுதி வை. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். உண்டாக்குகிறவன் இருக்கட்டும். தின்கிறவன் மட்டும் போகட்டும்."

அவர் நல்லவரா கெட்டவரா என்று அறுபது வருஷமாக யோசிக்கிறேன், தெரியவில்லை. கெடா முழுவதும் என்ன விளைகிறது என்று மேலிடம் அவரைக் கேட்டிருந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். அவருக்கு வேண்டியது ஓர் எண்ணிக்கை. ஆனால் அந்தக் கேள்வியை அதற்கு முன் யாரும் எங்களைப் பற்றிக் கேட்டதில்லை. துரை கேட்டதில்லை, நாங்களும் கேட்டுக்கொண்டதில்லை.

கன்னத்தைத் தடவிக்கொண்டே பெரிய கிராணி என்னைப் பார்த்தார். "நீதானடா எதையெடுத்தாலும் எண்ணிக்கிட்டே திரிவ? எண்ணு" என்றார்.

அன்றே பழைய பால் சீட்டுகளின் பின்பக்கத்தைத் தைத்து எடுத்துக்கொண்டு லயத்துக்கு, எங்கள் வரிசை வீடுகளுக்குப் போனேன். மொத்தம் அறுபத்து நான்கு வீடு. முதல் வீட்டில் ஓர் அக்காள் மரவள்ளிக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா வேலை செய்றீங்க?"

"எனக்கு ஏது தம்பி வேலை? பேரு விழுந்து ஒன்றரை வருஷமாச்சு. சும்மாத்தான் கெடக்கேன்."

அவள் கால் ஒரு தூளியை ஆட்டிக்கொண்டிருந்தது. குழந்தை அவளுடையது இல்லை. எதிர்வீட்டுக்காரி ஆற்றோரம் விறகு பொறுக்கப் போயிருந்தாள். நான் 'சும்மா' என்று எழுதிக்கொண்டேன்.

அடுத்த வீட்டில் ஒருவர் கட்டையில் உட்கார்ந்து கோணிச் சாக்கைப் பிரித்துச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். அவரும் சும்மா. அதற்கடுத்த வீட்டில் கிழவர் களிமண்ணைக் குழைத்துச் சுவரில் கரையான் அரித்த ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தார். "சும்மா பொழுது போவலப்பா" என்றார். இது பொய்யோ அடக்கமோ அல்ல. தோட்டத்தில் பெரட்டில் நின்று, துரையின் புத்தகத்தில் பேர் விழுந்தால்தான் அது வேலை. முழு நாளுக்கு ஒரு பேர், பாதி நாளுக்கு அரைப் பேர். பேர் விழாத எதையும் வேலை என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு நாக்கு எழாது. படித்தவன் என்று பேர் வாங்கிய எனக்கும் அது தோன்றவில்லை. மாலைக்குள் அறுபத்து நான்கு வீட்டுக்கும் நேரே ஒரே சொல்லை எழுதி முடித்திருந்தேன்.

வீட்டில் அத்தான் அதை வாங்கிப் பார்த்தார். படிக்கத் தெரியாது, ஆனால் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது தெரிந்துவிட்டது.

"என்ன மச்சான், எல்லா வீட்டுக்கும் ஒரே கோலமா இருக்கு?"

"சும்மாங்கறாங்க அத்தான்."

"சபாஷ் கிராணியாரே! அவன் நாப்பது பேரத்தான் கேட்டான். நீ நானூறு பேரையும் மூட்டை கட்டிக் குடுத்துட்ட!"

அக்கா சிரிக்கவில்லை. கைப்பிள்ளையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, "சாப்பிடு" என்று தட்டை என் முன் வைத்தாள். அவித்த கிழங்கு, முருங்கைக்கீரை, சுட்ட கருவாட்டில் ஒரு துண்டு. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அதிகாரி கேட்டது இதைத்தானே? என்ன வேலை என்று கேட்டால் சும்மா என்கிறார்கள். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் சும்மா என்று சொல்ல முடியாது.

மறுநாள் மறுபடி முதல் வீட்டிலிருந்து தொடங்கினேன்.

"நேத்து என்னக்கா சாப்பிட்டீங்க?"

"ஏன், மிச்சம் இருந்தா வேணுமா?"

"அது எங்கேருந்து வந்துச்சு?"

அவ்வளவுதான். ஒரு நூலைப் பிடித்து இழுத்தாற்போல வந்தது. கிழங்கு பால்மர நிரைகளுக்கு நடுவில் போட்டது. போட்டது அவள், களை எடுத்தது மகள், காட்டுப்பன்றிக்கு வேலி கட்டியது கொழுந்தன். எண்ணெய் மூன்றாம் லயத்துக்காரர் தேங்காய் பறித்து ஆட்டியது. அவருக்குக் கொடுத்தது காசு இல்லை, இரண்டு கோழிக்குஞ்சு. விளக்குக்கு, பழைய ரப்பர் தகடுகளைத் தகர டின்னில் மூடிக் காய்ச்சிச் சொட்டுச் சொட்டாக இறக்கிய எண்ணெய். அதை ஒருவர் கண்டுபிடித்து, கண் புருவம் பொசுங்கி, இன்னும் நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். சோப்பு சாம்பலிலும் செம்பனை எண்ணெயிலும் ஆனது. நூல் அன்னாசி இலையை அடித்து உரித்தது. ஒன்றரை வருஷத்தில் ஒன்பது பிரசவம், எல்லாம் ஒரே அம்மாளின் கையில். அதற்கு என்ன போடுவது என்று தெரியாமல் நின்றேன். "உங்களுக்கு என்ன குடுத்தாங்க?" என்று அந்த அம்மாளைக் கேட்டேன். "புள்ளையக் குடுத்தாங்க, கழுவித் திருப்பிக் குடுத்தேன்" என்றார்.

விலைதான் அடுத்த தலைவலி. வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டில் நேற்றைய விலை இன்று இல்லை. ஒருநாள் விலையில் எழுதினால் கிழங்கு கொட்டிக் கிடப்பதாக ஆகும், மறுநாள் விலையில் எழுதினால் பஞ்சம் என்று ஆகும். அதனால் எல்லாவற்றையும் சண்டைக்கு முந்தின விலையில் போட்டேன். தோட்டத்துக் கடையில் எந்தச் சாமான் என்ன விலை என்பது எனக்கு மனப்பாடம். சாமான் இல்லாத உழைப்புக்கு, பழைய கூலியை வைத்துக்கொண்டேன்: ஒரு பேருக்கு ஐம்பது காசு, அதாவது எங்கள் நாணயமான வெள்ளியில் பாதி.

முதல் கூட்டல் தலைகீழாக வந்தது. நானூற்றுப் பதினாறு வயிறு நிரம்பி, இன்னொரு தோட்டத்துக்கும் பந்தி போடலாம் போலிருந்தது. இரண்டு நாள் தேடினேன். கிழங்கைத் தோண்டியபோது ஒரு தடவை, மாவாக்கியபோது ஒரு தடவை, புட்டாக அவித்து விற்றபோது ஒரு தடவை எழுதியிருந்தேன். ஒரே கிழங்கு மூன்று பேர் வீட்டில் மூன்று கிழங்காக நின்றது. ஒவ்வொரு படியிலும் புதிதாகச் சேர்ந்த உழைப்பை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அடித்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் உண்டாக்கியதன் கூட்டல் முடிந்தது. மாதம் ஆயிரத்து அறுநூறு வெள்ளிக்கு அருகில். அந்த எண்ணை எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்தேன். சண்டைக்கு முன், மரமெல்லாம் பால் கொடுத்த நாளில், இந்தத் தோட்டம் முழுமைக்கும் கம்பெனி கொடுத்த மாதக் கூலி இரண்டாயிரத்து நானூறு. அதில் மூன்றில் இரண்டு பங்கை, சும்மா இருப்பதாகச் சொன்னவர்கள் வெறும் கையால் உண்டாக்கியிருந்தார்கள். ஆபீஸ் ஜன்னல் வழியாக லயத்தைப் பார்த்தேன். அடுப்புப் புகை, கயிற்றில் கோணிச் சட்டைகள், யாரோ யாரையோ திட்டுகிற சத்தம். பெரிய மலையின் அடிவாரத்தில் நிற்கிறவனுக்கு முதுகில் ஒரு சிலிர்ப்பு ஓடுமே, அப்படி இருந்தது. இன்னொன்றும் தோன்றியது. தூளி ஆட்டுவதும் பிரசவம் பார்ப்பதும் விறகு பொறுக்குவதும் துரை காலத்திலும் நடந்தவைதானே? அப்போது ஏன் அது எந்தப் புத்தகத்திலும் இல்லை?

அதற்குப் பிறகுதான் தின்றதன் கூட்டலைப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒத்துப்போகவில்லை.

கிழங்கு, கீரை, எண்ணெய், முட்டை எல்லாம் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சரி. ஆனால் ஒரு பக்கத்தில், உண்டாக்கி யாரும் தின்னாத நாலு பிக்கல் கிழங்கு நின்றது. பிக்கல் என்பது அறுபது கிலோ. பழைய விலையில் நாலு வெள்ளி எண்பது காசு. மறுபக்கத்தில், யாரும் உண்டாக்காமல் எல்லோரும் தின்ற இரண்டு பிக்கல் உப்பும் முக்கால் பிக்கல் கருவாடும், கூடவே தீப்பெட்டியும் ஊசியும். அது பதினாலு வெள்ளி அறுபது காசு. இரண்டுக்கும் நடுவில் ஒன்பது வெள்ளி எண்பது காசு தொங்கியது.

அந்த ஒன்பது வெள்ளி எண்பது காசு என் அத்தான். வாரம் ஒருமுறை, டயருக்குப் பதில் கயிறு சுற்றிய சைக்கிளில் ஒரு பிக்கல் கிழங்கைக் கட்டி, செம்மண் பாதையில் பன்னிரண்டு மைல் தள்ளிக்கொண்டு தஞ்சோங் டாவாய்க்குப் போவார். கடலோரத்து மலாய்க்காரர்களுக்குக் கிழங்குக்குப் பஞ்சம். எங்களுக்கு உப்புக்குப் பஞ்சம். கொடுத்துவிட்டு, வாங்கிக்கொண்டு திரும்புவார். அனுமதிச் சீட்டு இல்லாமல் சாப்பாட்டுச் சாமான் கொண்டுபோவது பெரிய குற்றம். அப்படிப் பிடிபட்ட ஒருவரை முச்சந்தி மரத்தில் வெயிலில் கட்டிவைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். எழுதினால் அத்தான் கடத்தல்காரர். எழுதாவிட்டால் சும்மா இருப்பவர், அதனால் சயாம். இரண்டு கூட்டலும் எவ்வளவு சரியாக வந்தனவோ, அவ்வளவு சரியாக நடுவில் அவர் உருவம் தெரிந்தது.

சாயங்காலம் வீட்டில் சொன்னேன்.

"உப்பையே எடுத்துடு தம்பி. நாங்க யாரும் உப்பு திங்கறதில்லன்னு எழுது" என்றாள் அக்கா.

"நானூறு பேர் உப்பில்லாம ஒன்றரை வருஷம் இருந்தாங்கன்னா நம்புவானா அக்கா?"

"அப்ப தோட்டத்துலயே உப்பு வெளையுதுன்னு எழுது."

"எங்க? உன் கண்ணுலயா?" என்றார் அத்தான். அக்கா அழுதுகொண்டிருந்ததை அப்போதுதான் நான் கவனித்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "அழாத புள்ள. மச்சான், எனக்கு ஒண்ணு சொல்லு. அந்த ஒம்பது வெள்ளி எம்பது காசு நெசமாவே நான் சம்பாரிச்சதா?"

"நீங்க உண்டாக்கினது அத்தான். அங்க மலிவான கிழங்கு, இங்க இல்லாத உப்பு. நடுவுல உங்க காலு."

"மாசத்துல நாலு நடைக்கு என் காலுக்கு ஒம்பது வெள்ளியா! பால் வெட்டினப்ப நாலு நாளைக்குக் கங்காணி என் தலைக்கே அவ்வளவு மதிப்புப் போட்டதில்லயே." கொஞ்ச நேரம் கால்களை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எழுதிடு. பேரு மட்டும் போடாத. கேட்டா நானே சொல்லிக்கறேன்."

திங்கட்கிழமை அதே நேரத்துக்கு அதிகாரி வந்தார். வெளியே லாரி நின்றது. பெரட்டு வரிசை மொத்தமும் பார்க்க, நான் ஆங்கிலத்தில் நகலெழுதியிருந்த தாள்களை மேசையில் வைத்துப் படித்தார். பென்சிலின் பின்முனை ஒவ்வொரு வரியாக இறங்கியது. கிழங்கு மூன்று இடத்தில் வந்ததை நானே அடித்திருந்ததைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். கடைசி வரியில் பென்சில் நின்றது.

"இது என்ன?"

பின்வரிசையிலிருந்து கயிற்று டயர் கரகரக்கும் சத்தம் கேட்டது. அத்தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முந்தின நாள் கொண்டுவந்த அரைப் பிக்கல் உப்பும் கருவாட்டுக் கூடையும் அதில் கட்டியபடியே இருந்தன. அவிழ்க்கவில்லை. மேசைக்கு முன்னால் நிறுத்தி, குனிந்து வணங்கி, "நான்தான் துவான், அந்த வரி" என்றார்.

பெரிய கிராணி அதை மலாயில் சொன்னார். அதிகாரி எழுந்து அத்தானுக்கு இரண்டு அறை கொடுத்தார், சீட்டு இல்லாததற்கு. அத்தான் சைக்கிளை விடவில்லை. பிறகு அதிகாரி, "எத்தனை மைல்?" என்று கேட்டார். "பன்னிரண்டு, துவான். போக பன்னிரண்டு."

அவர் குடையை மேசையில் வைத்தார். அத்தானின் கையிலிருந்து சைக்கிளை வாங்கி, அந்தச் சேற்றில் தள்ளிப் பார்த்தார். நாலைந்து எட்டு போனது. முன்சக்கரம் திரும்பி, மூட்டை ஒரு பக்கம் இழுத்து, சைக்கிளோடு அவரும் முழங்கால் வரை சேற்றில் சாய்ந்தார். ஒரு குழந்தை சிரித்தது. அதன் வாயைத் தாய் பொத்தினாள். அத்தான் போய் ஒரு கையால் கைப்பிடியையும் ஒரு கையால் மூட்டையையும் பிடித்து, தொட்டிலைத் தூக்குகிற மாதிரி சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தினார்.

அதிகாரி மேசைக்குத் திரும்பி, கையைத் துடைத்துக்கொண்டு, ஒன்பது வெள்ளி எண்பது காசுக்கு எதிரே அவர்கள் எழுத்தில் ஏதோ எழுதினார். 'போக்குவரத்து' என்று பெரிய கிராணிக்குச் சொன்னார். சுங்கைப் பட்டாணியில் உப்புக்கு அனுமதிச் சீட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லி ஒரு துண்டுத் தாளில் முத்திரை வைத்தார்.

நாற்பதுக்குப் பதில் பன்னிரண்டு பேரைக் கேட்டார். ஏன் பன்னிரண்டு என்று சொல்லவில்லை. என் கணக்கில் அந்தப் பன்னிரண்டு பேருமே உண்டாக்குகிறவர்கள். ஒவ்வொருவருக்கும் எதிரே தொகை எழுதியிருந்தேன். லாரி அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. திரும்பி வந்தவர்கள் நாலு பேர். மற்ற எட்டுப் பேர் அதற்குப் பின் வாழ்ந்திருந்தால் உண்டாக்கியிருக்கக்கூடியதை எந்த விலையில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும்.

இப்போது நான் சுங்கைப் பட்டாணியில், பாக்கார் ஆராங்கில், மகள் வீட்டில் இருக்கிறேன். மாத்திரைகளைத் தினம் இரண்டு தடவை எண்ணுகிறேன் என்று அவளுக்குக் கோபம். போன மாதம் மருமகன் நூலகத்திலிருந்து ஒரு தடித்த புத்தகம் கொண்டுவந்தார். பழைய காலத்தில் இந்த நாட்டின் வருமானம் வருஷத்துக்கு வருஷம் எவ்வளவு இருந்திருக்கும் என்று அறிஞர்கள் மதிப்பிட்டு எழுதிய பட்டியல் அதில் இருந்தது. ஆகிற காரியமா என்று பிரமித்தேன். ஈயம் எத்தனை, ரப்பர் எத்தனை, அரிசி எத்தனை என்று செத்துப்போன வருஷங்களைக்கூட எழுப்பி உட்காரவைத்திருக்கிறார்கள். ஜப்பான்காரன் காலத்துக்கு வந்ததும் எண்கள் நின்றுவிடுகின்றன. அந்த வருஷங்களுக்கு நேரே ஒரு கோடு மட்டும். ஆதாரம் இல்லை என்று அடிக்குறிப்பு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தால் எனக்குக் கயிற்று டயரின் சத்தம் கேட்கிறது. அதற்குள் நாங்கள் நானூற்றுப் பதினாறு பேர் சும்மா இருந்தோம். எங்களைப் போல எத்தனை தோட்டம், எத்தனை மலாய்க் கிராமம், எத்தனை மீனவர் கரை. மருமகன், "அதெல்லாம் யாரு எண்ண முடியும் மாமா?" என்கிறார். ஒரு தோட்டத்தை ஒரு வாரத்தில் எண்ணலாம் என்று மட்டும் சொன்னேன்.

லாரி போன மறுநாள் நானும் அத்தானும் சுங்கைப் பட்டாணிக்கு நடந்து போனோம். கவுண்டரில் இருந்தவர் துண்டுத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உப்பு அனுமதிச் சீட்டை எழுதி, முத்திரைக் கட்டணம் கேட்டார். அத்தானுடைய கோணிச் சட்டையில் அக்கா பை வைத்துத் தைத்திருக்கவில்லை. நான்தான் கொடுத்தேன், அவர் திருப்பித் தரவே இல்லை. வாழைமர நோட்டில் இரண்டு வெள்ளி ஐம்பது காசு. சண்டைக்கு முந்தின விலைக்குக் கொண்டுவந்தால், ஐம்பது காசு. ஒரு முழு நாள். ஒரு பேர்.